கதவில் 'குழந்தைத் தோட்டம்' என்று எழுதிய விசாலாட்சி டீச்சர்

பொன்னமராவதி பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே கண்டக்டர் சொன்னார்: "ஒங்க விசாலாட்சி டீச்சர் தவறிட்டாங்களாமே சார்." போன மாதம்கூட நன்றாகத்தான் இருந்தார் என்று ஏதோ உளறினேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவும் மறந்துவிட்டேன். அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களில் பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன்.

நானும் அதே பள்ளியில் வாத்தியார், பயந்த சுபாவம். டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்த காலமும் அதற்கு ஏற்ற காலம். சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த புதிது. யார் வேலை நிற்கும், யார் வேலை போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. பள்ளி வயது வராத பிள்ளைகளுக்கென்று சோதனையாக ஒரு வகுப்பைத் தொடங்கி அவரைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பை எடுத்துவிடுவார்கள். படுக்கையில் கிடந்த தாயாரை அந்தச் சம்பளத்தில்தான் டீச்சர் காப்பாற்றி வந்தார்.

பிற நாடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று சென்னையில் பயிற்சியின்போது படித்ததை வாய் ஓயாமல் சொல்வார். ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பைப் பெருக்குவார்களாம், டென்மார்க்கில் குளிரிலும் வெளியே விளையாட விடுவார்களாம். "இன்னைக்கு எந்தத் தேசத்துல எறங்கியிருக்கீங்க?" என்று தலைமையாசிரியர் கேலி செய்வார். "எழுத்து எங்கிட்டும் ஓடிராது சார். மொதல்ல புள்ளைக்குப் பயம் தெளியணும்" என்பார் டீச்சர்.

ஜெர்மனியில் இத்தகைய வகுப்பைக் குழந்தைத் தோட்டம் என்பார்களாம். அந்தப் பெயரில் சொக்கிப்போய், சுண்ணாம்பைக் கரைத்து, வகுப்பறைக் கதவில் கொட்டை எழுத்தில் அதைத் தம் கையாலேயே எழுதினார். மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. பிசைந்து வைத்த களிமண் காய்ந்து வெடித்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கலக்கமாக இருந்தது.

கடைசியில் கடலைக் கொல்லையில் கூலி வேலை பார்க்கும் கருப்பாயி வந்தார். மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"இங்க பேரு எழுதுன புள்ளைகள எந்தத் தோட்டத்துக்கு ஏத்திவிடுவீங்க?"

தலைமையாசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் பக்கத்துச் சனங்களுக்குத் தோட்டம் என்றாலே கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டம்தான். கங்காணிகள் வந்து ஆள் பிடித்த காலம் போய்விட்டது, பயம் போகவில்லை. டீச்சர் டவுனில் வளர்ந்தவர், இது அவருக்குத் தெரியாது.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க அங்கிட்டு இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார். கூலிக்காரர்களின் குழந்தைகளைப் பகலில் விட்டுவைக்கும் அறையைத் தோட்டத்தில் புள்ளக் காம்பரா என்பார்கள். கருப்பாயி அதைப் பற்றித்தான் சொன்னார்.

"மூத்தவனப் புள்ளக் காம்பராவுல விட்டுட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போவேன். ஒரு நா காய்ச்சல்னு சேதி வந்துச்சு. கொழுந்து நிறுத்து முடியிற மட்டும் எறங்க விடல. வந்து தூக்குனேன், சில்லுன்னு இருந்தான்."

டீச்சர் ஈரத்துணியால் கதவைத் துடைத்தார். "ஜெர்மனியில என்ன பேருன்னு படிச்சேன். இங்க அதுக்கு என்ன அர்த்தம்னு ஒங்களக் கேக்காம எழுதிட்டேன். உள்ள வாங்கம்மா. புள்ளகூடவே ஒக்காருங்க. எந்திரிச்சுப் போங்கன்னு சொல்ல மாட்டேன்."

மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். அந்தக் கோலத்தில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். வகுப்பில் வெளியாள் இருக்கக் கூடாது என்பது விதி.

"இவங்கள்லாம் யாரு?"

"அம்மாமாருங்க சார். பயந்துபோய் வந்திருக்காங்க. பயம் தெளிஞ்சா தானாப் போயிருவாங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த உத்தரவு வரும்வரை நாங்கள் அரை உயிராகத்தான் இருந்தோம். வகுப்பு நீடிக்கும் என்று வந்தது.

அதன் பிறகும் டீச்சர் வெளிநாட்டுச் சங்கதிகளைத் தேடித் தேடிப் படித்தார். ஆனால் எதையும் தாய்மாரிடம் கேட்காமல் செய்ததில்லை. ஜப்பான் வழக்கத்தைச் சொன்னபோது, "எல்லாப் புள்ளையும் பெருக்குமா, எங்க புள்ள மட்டுந்தானா?" என்றார் கருப்பாயி. முதல் நாள் டீச்சர் தாமே பெருக்கினார். மறுநாள் ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டுப் பிள்ளை கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார். அன்றும் பயந்தது நான்தான்.

ஒரு நாள் கருப்பாயியின் மகள் தனியாக வந்தாள். "ஆத்தா வேலைக்குப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

இப்போது முதல் வகுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. வாசலில் பிள்ளையோடு தயங்கி நிற்கும் எந்தத் தாய்க்கு எந்தச் சொல்லில் பயம் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. யோசனை கேட்க டீச்சரும் இல்லை. "உள்ள வாங்கம்மா" என்று கூப்பிட மட்டும் அவரிடம் கற்றிருக்கிறேன். கூப்பிட்டு, அந்தத் தாயிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.