தலைப்பிரசவத்தால் வந்த விசா

நோர்வூட் கடைவீதியில் நின்றுகொண்டு "இங்கே இந்தியர் யார்?" என்று கேட்டால், கேட்டவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பாட்டனோ பூட்டனோ இந்தியாவிலிருந்து வராத ஆள் அந்த வீதியில் குறைவு. ஆனால் சட்டப்படி, இந்தியப் பாஸ்போர்ட்டும் இலங்கை விசாவுமாக அங்கே குடியிருப்பவர் ஒரே ஒருவர்தான். பாத்திரக்கடை நாகலிங்கம். ஐந்து மாதக் கைக்குழந்தையாக வந்தவர், இப்போது ஐம்பத்தைந்து வயதாகிறது. அவர் ஏதோ வேலையாக வந்திருக்கிறார், முடிந்ததும் போய்விடுவார் என்றுதான் அரசாங்கம் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

நான் ஜீவராஜ். அவர் கடைக்கு அடுத்த ஸ்டூடியோ என்னுடையது. வருஷா வருஷம் விசாப் புதுப்பிக்க அவருக்குப் படம் எடுத்துக் கொடுப்பவன் நான்தான். இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்வேன். அவருக்கு இரண்டாவதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு நல்ல வழக்கம். பெண்ணுக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். நாகலிங்கத்தின் அம்மா நாகலெட்சுமி தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கத்தில் பிறந்து, நோர்வூட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த பொன்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டவர். எழுபதாம் ஆண்டு, கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் வளையல் போட்டு, ஹட்டனில் ரயிலேற்றி, தலைமன்னாரில் கப்பலேற்றி அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை பிறந்தது. மலைநாட்டுக் குளிரைத் தாங்கும் என்று தெரிந்ததும், அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரு வரியாக அது நோர்வூட்டுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த மூன்று பிள்ளைகளும் டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள். கப்பலேற்றி அனுப்பும் மரியாதையெல்லாம் தலைப்பிள்ளைக்கு மட்டும்தானே. தம்பிகள் மூவரும் பிறக்கும்போதே இலங்கையர்கள். மரியாதையோடு பிறந்தவர் மட்டும் அந்நியர்.

பொன்னையா முறைப்படி விண்ணப்பித்து இலங்கைப் பிரஜாவுரிமை வாங்கியவர். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருஷத்துக்குள் பதிந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அந்த ஒரு வருஷத்துக்குள் அவர் மகனுக்கு மொட்டையடித்தார், காது குத்தினார், அரைஞாண் செய்து போட்டார். பதியவில்லை. பிற்பாடு யாராவது கேட்டால் கோபம் வரும்.

"எம் புள்ள என் வீட்ல இருக்கான். இதுக்கு எவன்கிட்ட போய் எழுதிக் குடுக்கணும்?"

பதினாறு வயதில் அடையாள அட்டைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்கிய அதிகாரி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி இந்தியாதானே, உங்களுக்கு எதுக்கு இந்த அட்டை?" என்று அன்பாகவே கேட்டாராம். அதற்கு மூன்று வருஷம் முன்னால், எண்பத்து மூன்று கலவரத்தில், கடைக் கதவை உடைத்து அண்டா குண்டாவையெல்லாம் ரோட்டில் உருட்டிவிட்டவர்கள் யாரும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும்தான் அந்தக் குடும்பத்தில் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினார்கள்.

அப்புறம் கண்டியிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார். அதில் இலங்கை விசா குத்தினார்கள். அதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை விடியற்காலை பஸ் பிடித்து ஹட்டன், அங்கிருந்து கொழும்பு. கிராம சேவகர் கடிதம், பொலிஸ் கடிதம், பாங்குக் கடிதம், நல்லவர் என்று கோயில் தர்மகர்த்தா கொடுக்கும் கடிதம். அந்தத் தர்மகர்த்தா அவருடைய சொந்தத் தம்பி. பிரஜாவுரிமை கேட்டு எழுதிய கடிதங்களுக்கும் பதில் வராமல் இல்லை. 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று பதில் வரும்.

இப்படி அலைந்து அலைந்து மனிதர் சட்டத்தையே கரைத்துக் குடித்துவிட்டார். மத்திய கிழக்குக்குப் போகிற பெண்களுக்கும் கொரியாவுக்குப் போகிற பையன்களுக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பது அவர்தான். பாத்திரம் வாங்க வருபவர்களைவிடப் பாரம் நிரப்ப வருபவர்கள் அதிகம். இரண்டாயிரத்து மூன்றில், தோட்டங்களில் எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாமல் கிடந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தபோது, றொசல்ல தோட்டத்திலிருந்த எங்கள் அப்பாவுக்குப் பாரம் நிரப்பியவரும் அவரே. மஸ்கெலியா, நோர்வூட் என்று முந்நூறு பேருக்காவது நிரப்பியிருப்பார். கடைசியில் தனக்கும் ஒன்று நிரப்பிக்கொண்டு போனார். "இது நாடில்லாதவங்களுக்கு. உங்களுக்குத்தான் நாடு இருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் அப்பாவை இலங்கையராக்கியவர் இந்தியராகவே வீடு திரும்பினார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர் என்னமோ சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கல்யாணமும் லேசில் நடக்கவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நோர்வூட்டிலேயே இருக்கிற வெளிநாட்டு மாப்பிள்ளையை ஒருவரும் சீந்தவில்லை. முப்பத்திரண்டு வயதில் ஹட்டன் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மனமிரங்கி மகள் ஜெயலெட்சுமியைக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் ஹம்சினி பிறந்தாள். அதற்குள் அம்மா வழியிலும் பிரஜாவுரிமை வரலாம் என்று சட்டம் மாறியிருந்ததால், பிறக்கும்போதே இலங்கைக்காரி. ஒரு வருஷத்துக்குள் கண்டிக்குப் போய்ப் பதிந்தால் இந்தியாவிலும் உரிமை கிடைக்கும் என்று நாகலிங்கத்துக்குத் தெரியும். தெரிந்தே அந்த வருஷத்தைத் தாண்ட விட்டார்.

"இவ ஒருத்தியாவது ஒரே எடத்துல ஒழுங்கா இருக்கட்டும் தம்பி."

ஒழுங்காகத்தான் இருந்தாள், இருபது வயதுவரை. அப்புறம் துறையூர்ச் சொந்தத்தில், திருச்சியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் தர்ஷன் என்ற பையனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது அப்பா நோர்வூட்டில் விசாவில் இருக்கும் இந்தியர். மகள் திருச்சியில் விசாவில் இருக்கும் இலங்கைக்காரி. குடும்ப வழக்கம் என்று பார்த்தால், அதில் ஒரு ஒழுங்கு இருக்கத்தான் செய்தது.

போன வருஷம் ஹம்சினி முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. ஜெயலெட்சுமி அக்கா அன்றைக்கே வளைகாப்புக்கு நாள் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஏழாம் மாதம் பெண்ணை இங்கே கூட்டிக்கொண்டு வந்து, டிக்கோயாவில் பிரசவம் பார்த்து, மூன்று மாதம் வைத்திருந்து அனுப்ப வேண்டும். நாகலிங்கம் ஒரே வார்த்தையில் முடியாது என்றார். நான் அப்போது கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகத்தான் நினைத்தேன். போகவில்லை.

"தலப்பிரசவத்த மாமியார் வீட்ல விட்டா ஊரு என்னங்க சொல்லும்? பெத்தவங்க செத்துட்டாங்களான்னு கேக்க மாட்டாங்க?" என்றார் அக்கா.

"கேக்கட்டும். புள்ள எங்க வளரப் போகுதோ அங்கதான் பொறக்கணும்."

"நீங்கதான் சட்டமெல்லாம் படிச்சவராச்சே. இங்க பொறந்தாலும் ஒரு வருஷத்துல பதிஞ்சிட்டாப் போகுது!"

"எங்கப்பாவும் பதிஞ்சிரலாம்னுதான் இருந்தாரு."

அக்கா அடுக்கியிருந்த தூக்குச் சட்டிகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எல்லாம் ஏற்கெனவே துடைத்தவைதான்.  எத்தனையோ அதிகாரிகள் முன்னால் நின்ற நாகலிங்கம், பிறக்காத ஒரு பேரப்பிள்ளையை நினைத்துப் பயந்தார். அந்தப் பிள்ளை ஒரு கவுன்டர் முன்னால் நின்று "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று நிரூபிக்கும் நிலை வரவே கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அக்காவே வழி கண்டுபிடித்தார். திருச்சி உறையூரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுப்பது. அக்கா போய் அங்கே பால் காய்ச்சிக் குடியேறுவது. மாமியார் வீட்டிலிருந்து ஹம்சினியை முறைப்படி அங்கே அழைத்துவருவது.

"நா இருக்க எடந்தானே அவளுக்குத் தாய்வீடு? எவ வந்து இல்லைன்னு சொல்லுவா பாப்போம்."

வழக்கமும் கெடவில்லை, சட்டமும் கெடவில்லை. இப்படி ஒரு மூளை எழுபதில் யாருக்கும் இல்லாமல் போயிற்றே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

நாகலிங்கமும் கூடப் போவதாகத்தான் ஏற்பாடு. இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கைக்குழந்தையாக வந்தவர் அதற்குப் பிறகு இந்த நாட்டைவிட்டு ஒருமுறைகூட வெளியே போனதில்லை. விசாவில் போய்வர அனுமதி உண்டு. இருந்தும் போகமாட்டார். "வெளிய போய்ட்டு வந்து நிக்கிறப்ப, ஏன்டா திரும்பி வந்தேன்னு கேட்டா என்னத்த சொல்றது?" என்பார். துறையூரில் தாய்மாமன் செத்ததற்கும் போகவில்லை. மகள் கல்யாணத்தையும் ஹட்டனில்தான் வைத்தார். இந்த முறை, பேரப்பிள்ளைக்காகப் போகிறேன் என்று அவரே சொன்னார்.

அந்த நேரம் பார்த்து விசா முடியும் மாதம் வந்தது. புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொழும்பில் கொடுத்தார். வழக்கமாக ஒரு வாரத்தில் வரும். இந்த முறை ஏதோ புது முறை, புது கம்ப்யூட்டர் என்றார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம் என்றார்கள். இந்தியாவுக்குப் போக விசா வேண்டியிருந்த ஜெயலெட்சுமி அக்கா, அதை மூன்றே நாளில் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தியாவுக்குப் போக விசாவே வேண்டாத ஒரே ஆள் நோர்வூட்டில் உட்கார்ந்து, தானே சோறு பொங்கிச் சாப்பிட்டார். அதுவும் ஒரு நாள் குழையும், ஒரு நாள் வேகாது.

திருச்சியில் ஆண் குழந்தை பிறந்தது. வாட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டினார்கள். நாகலிங்கம் போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"பதிஞ்சாச்சான்னு கேளு."

"பொறந்து மூணு மணி நேரந்தான் ஆகுது அண்ணே."

"கேளு தம்பி."

கேட்டேன். ஆஸ்பத்திரியிலேயே பெயரை எழுதிக்கொண்டார்களாம். பிள்ளை பிறந்த இடத்திலேயே, அப்பன் நாட்டுக்காரனாக, எந்த வில்லங்கமும் இல்லாமல் பதிவாகிவிட்டான். நாகலிங்கம் சாத்தியிருந்த தன் கடையை என்னைத் திறக்கச் சொல்லி, வீதியில் போன ஏழெட்டுப் பேருக்குக் கற்கண்டு கொடுத்தார்.

கொழும்பில் கொடுத்து ஒன்றரை மாதமான பிறகுதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு விசா போட்டிருந்தார்கள். வந்த மறு நாளே கட்டுநாயக்காவில் விமானம் ஏறினார். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார், மகளும் பேரனும் பக்கத்தில், உறையூரில் வீடும் இருக்கிறது. இனி மனிதரை இரண்டு மூன்று மாதத்துக்குப் பார்க்க முடியாது என்று நினைத்து, கடைச் சாவியை வாங்கி வைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். 

"என்ன அண்ணே, ஏதும் பிரச்சினையா? புள்ள நல்லா இருக்கானா?"

"புள்ளைக்கு என்ன, ராசா மாதிரி இருக்கான். எட்டு நாளும் எம் மடியிலதான்."

"அப்ப ஏன் ஓடி வந்தீங்க?"

அவர் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திருச்சி விமான நிலையத்தில் நடந்ததைச் சொன்னார். கவுன்டரில் ஒரு சின்னப் பெண் இருந்தாளாம். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, முத்திரை குத்தி, திருப்பிக் கொடுத்துவிட்டாள். இவர் நகராமல் அங்கேயே நின்றிருக்கிறார்.

"என்ன சார்?" என்று கேட்டிருக்கிறாள்.

"எத்தன நாளைக்குன்னு போடலியேம்மா."

"எதுக்கு சார் எத்தன நாளு?"

"நா இங்க இருக்கிறதுக்கு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம். "இது உங்க நாடு சார். உங்களுக்கு யாரு நாள் போடுறது? சாகுற வரைக்கும் இருங்க."

 ஐம்பத்தைந்து வருஷத்தில் ஓர் அதிகாரி வாயிலிருந்து அவர் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதைக் கேட்க அவர் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.  நான் அவர்மேல் பாய்ந்தேன்.

"இருந்திருக்க வேண்டியதுதானே? பேரன் இருக்கான், அக்கா இருக்காங்க. அந்தப் பொண்ணே சாகுற வரைக்கும் இருன்னு சொல்லிருச்சு. இங்க என்ன வச்சிருக்கீங்க, நாலு சட்டியும் பானையும்?"

அவர் எழுந்து, என் கையிலிருந்து சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தார்.

"அங்க எப்ப வேணும்னாலும் இருந்துக்கலாம் தம்பி. என் ஊர்ல எனக்கு இன்னும் பத்து மாசந்தான் இருக்கு. அத எதுக்கு அங்க போய்ச் செலவழிக்கணும்?"