வரும்போதே உடைந்திருந்த கல்சட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், ஓணம் முடிந்த கையோடு நடந்தது இது. எங்கள் வீடு திருவனந்தபுரத்தில் கரமனையில் இருக்கிறது. கல்சட்டிகளை ஆன்லைனில் விற்பது என் தொழில். சேலம் பக்கத்திலிருந்து மொத்தமாக வரவழைப்பேன். புதுக் கல்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றினால் வெடித்துவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவிட்டு, வடித்த கஞ்சியைத் தினமும் ஊற்றி வைத்து, கடைசியில் சின்னத் தீயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பழக்க வேண்டும். வாங்குகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அதனால் நானே ஐந்து நாள் பழக்கி, நேராக அடுப்பில் ஏற்றலாம் என்கிற பக்குவத்தில் அனுப்புவேன். என் கடைக்குப் பெயர் வந்ததே இதனால்தான்.

கல்லைக் கூரியரில் அனுப்பிவிட்டு உடைசல் புகார் வராது என்று இருக்க முடியாது. அதைச் சமாளிப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஓர் எண்ணம் உண்டு. ஒவ்வொரு சட்டியையும் பொதியும்போது வீடியோ எடுத்து வைப்பேன். முதலில் விரல் முட்டியால் சட்டியைத் தட்டிக் காட்டுவேன். நல்ல சட்டி என்றால் கணீர் என்று சத்தம் வரும். பிறகு குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, தெர்மாகோல் அடைத்து, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து ஒட்டுவது வரை எல்லாம் அதில் இருக்கும். புகார் வந்தால் உடைந்த சட்டியின் போட்டோ கேட்பேன். கீழே விழுந்து உடைந்த சட்டியில் அடிபட்ட இடம் வெள்ளையாகப் பொடிந்திருக்கும். சூட்டில் விண்ட சட்டியில் அடியிலிருந்து விளிம்பு வரை நெளிந்து நெளிந்து ஒரு கோடு போகும். முதல் வகை என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் வேறு சட்டி அனுப்பிவிட்டு, கூரியர்காரர்களோடு சண்டை போட்டுக்கொள்வேன். இரண்டாவது வகை என்றால் வாங்கினவர் பெரிய தீயில் வைத்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிடுவேன். அதுவரை வந்த ஒரு வழக்கிலும் நான் தோற்றதில்லை.

அந்த ஓணத்தின்போது ஆர்டர் குவிந்துவிட்டது. அனுப்பி முடித்து மூச்சு விடுவதற்குள் ஒரு புகார். வாங்கினவர் இதே ஊர்தான், பேரூர்க்கடை. ஒரே ஊர் என்றாலும் பார்சல் கொச்சி வரை போய்த்தான் திரும்பி வந்திருந்தது. பெட்டியைப் பிரித்தபோதே சட்டி இரண்டாக இருந்தது என்று எழுதி, போட்டோவும் வைத்திருந்தார். பார்த்தேன். அடியிலிருந்து விளிம்பு வரை நெளிந்து போகும் கோடு. பொடிந்த இடம் ஒன்றுகூட இல்லை. பெட்டியின் மூலைகூட நசுங்கவில்லை. இரண்டு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். அடுப்பில் வைத்து வெடிக்கவிட்டுவிட்டு, வரும்போதே உடைந்திருந்தது என்று கதை சொல்கிறார். விற்பனைத் தளத்துக்கு என் விளக்கத்தையும் வீடியோவையும் அனுப்பினேன். நாலே நாளில் என் பக்கம் தீர்ப்பாகிவிட்டது.

அவர் விடவில்லை. என் கடைப் பக்கத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, "வரும்போதே உடைந்திருந்தது, சொன்னால் நம்பவில்லை" என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் கீழேயே மலையாளத்தில் பதில் எழுதினேன். தீயில் வைத்து வெடிக்கவிட்டு கூரியர் மேல் பழி போடுகிறவர்களுக்கு எங்கள் கடையில் இடமில்லை, என்னிடம் ஆதாரம் இருக்கிறது, மற்ற வியாபாரிகளும் இவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று. அவர் பெயர் மேலேயே இருந்தது. எழுதி முடித்ததும் திருப்தியாகக் காப்பி போட்டுக் குடித்தேன்.

ஆனால் அந்த ஒற்றை நட்சத்திரம் உடைந்த சட்டியின் படத்தோடு பக்கத்தின் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். நேரில் போய் வீடியோவைக் காட்டிப் பேசினால் அழித்துவிடுவார் என்று தோன்றியது. போன் செய்து வரலாமா என்று கேட்டேன். பேசினது சட்டி வாங்கின பெண்ணேதான். காலையில் வாங்க என்றார். புறப்படும்போது என் கணவர், "ஜெயிச்சாச்சில்லையா, பின்ன எதுக்காக்கும் அங்க போறது?" என்று கேட்டார். ஜெயித்தவள்தானே தைரியமாகப் போக முடியும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பேரூர்க்கடையில் ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவருக்கு முப்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி முடித்து வந்து, எனக்காகத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார் என்பது கண்ணிலேயே தெரிந்தது. சென்னையில் நாலைந்து வருடம் வேலை பார்த்ததால், மலையாளம் கலந்திருந்தாலும் தமிழ் நன்றாகவே பேசினார். உட்காரச் சொல்லி, பாலில்லாத கட்டஞ்சாயா போட எழுந்தார். அப்போதுதான் கவனித்தேன். மேஜை மேல் மின்சாரத்தில் ஓடுகிற ஓர் இண்டக்ஷன் அடுப்பு. வேறு அடுப்பு எங்கேயும் காணோம்.

காஸ் எங்கே என்று கேட்டேன். வீட்டுக்காரர் மாடியில் சிலிண்டர் வைக்க விடுவதில்லை என்றார். கல்சட்டி இண்டக்ஷனில் சூடே ஏறாது. அதை நான் என் கடைப் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். பின்னே எதற்கு வாங்கினீர்கள் என்றேன்.

"தயிர் வைக்கத்தான் சேச்சி. கல்லுல வெச்சா சீக்கிரம் புளிக்காதுன்னு சொன்னாங்க. இவிடெ தீயே இல்ல, பின்ன நான் எங்க போய் வெடிக்க வைக்க?"

என் முடிவு ஆட்டம் கண்டது. ஆனாலும் வேறு யார் வீட்டு அடுப்பிலாவது வைத்திருக்கலாமே என்று ஒரு மூலையில் மனசு வாதாடிக்கொண்டிருந்தது. போனை எடுத்து, நான் அனுப்பும்போது சட்டி எப்படி இருந்தது பாருங்கள் என்று வீடியோவைப் போட்டேன். எத்தனையோ முறை பார்த்த வீடியோதான். ஆனால் எப்போதும் என் வீட்டு ஹாலில், தெருச் சத்தமும் மிக்சி சத்தமும் நடுவில், சரியாகப் பொதிந்திருக்கிறேனா என்று கண்ணால் மட்டுமே பார்த்திருக்கிறேன். அந்த அறையில் மின்விசிறிகூடச் சத்தம் போடவில்லை. வீடியோவில் என் கை சட்டியைத் தட்டியது. கணீர் என்று வரவில்லை. பலகையைத் தட்டினதுபோல மொத்தென்று ஒரு சத்தம். இரண்டாவது தட்டும் அப்படியே. வீடியோவில் இருக்கிற நான் அதைக் காதிலேயே வாங்காமல், யாரோடோ பேசிக்கொண்டே சட்டியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓண அவசரத்தில் அந்தத் தடவை வந்த சட்டிகளை ஐந்து நாளுக்குப் பதில் மூன்றே நாளில் பழக்கினேன். கடைசி நாள் தீயையும் கூட்டி வைத்தேன். விரிசல் தீயால் வந்தது என்று நான் அடித்துச் சொன்னது முழுக்கச் சரி. அது என் வீட்டுத் தீ. கண்ணுக்குத் தெரியாமல் விண்ட சட்டி, கொச்சிக்குப் போய்த் திரும்பிய குலுக்கலில் இரண்டாகியிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குச் சத்தத்தின் அர்த்தம் தெரியாது. வீடியோ முடிகிற வரை பார்த்துவிட்டு, நன்றாகத்தான் பொதிந்திருக்கிறீர்கள் என்று சொன்னார். பிறகு, தான் எழுதினதை அழித்துவிடுவதாக அவரே சொன்னார். சண்டை போடத் தெம்பில்லை என்றார். என் பதிலை யாரோ போட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது.

"வார்டுல எத்தனை மணிக்கு என்ன மருந்து கொடுத்தேன்னு நான் எழுதுறதை டாக்டர் அப்படியே நம்பணும் சேச்சி. இப்ப கூட வேலை பார்க்கிறவங்க சார்ட்டைப் பார்த்துட்டு, இது நிஜம்தானா சிஸ்டர்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. தமாஷுக்குத்தான். பட்சே, மூணு வாரமா அதே தமாஷ்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சரி என்று சொன்னேன். அழித்துவிடுங்கள், அதுவே போதும் என்று சொல்லிவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் படி இறங்கினேன். இதை எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். வந்த காரியம் முடிந்துவிட்டது. தளம் என் பக்கம், வாங்கினவரே பின்வாங்கிவிட்டார், உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுப் பக்கம் போகிற கிழக்கேகோட்டை பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, ஏறவில்லையா என்று கையாட்டினார். நான் ஏறவில்லை. மறுநாள் காலையில் இன்னொரு சட்டியை எடுத்து, கேமரா முன்னால் தட்டிக் காட்ட வேண்டும். எந்த முகத்தோடு தட்டுவேன் என்று நினைத்தேன். பஸ் போய்விட்டது. திரும்பி நடந்தேன்.

இந்தத் தடவை கதவு திறக்க நேரமாயிற்று. படுத்துவிட்டார் போல. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று சொன்னேன்.

"சிஸ்டர், அந்தச் சட்டி என் வீட்டுலயே விண்டு போயிருக்கு. நான் அவசரமா பழக்கினதுதான் காரணம். தட்டும்போதே சத்தம் தப்பு, நான் கவனிக்கல. நீங்க பொய் சொல்லல."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்டார்.

"இது சேச்சிக்கு எப்ப தெரிஞ்சுது?"

உங்கள் அறையில் வீடியோ போட்டபோதே தெரிந்துவிட்டது என்றேன். பிறகு எதற்குக் கீழே போனீர்கள் என்று கேட்டார். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு லேசாகச் சிரித்து, உள்ளே வரச் சொன்னார்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன், இல்லையென்றால் புதுச் சட்டி கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அது பிறகு என்றார். எங்கே எழுதினீர்களோ அங்கேயே எழுதுங்கள், வீட்டுக்குப் போய் வேண்டாம், இங்கே உட்கார்ந்து எழுதுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். போனை எடுத்து, நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு வருந்துகிறேன் என்று மலையாளத்தில் எழுதி அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"புரிஞ்சதுல தப்புன்னு எழுதண்டா சேச்சி. செஞ்சதுல தப்புன்னு எழுதுங்க."

எத்தனை புகார்களுக்கு நான் பதில் எழுதியிருப்பேன். என் எழுத்தில் அந்த ஓட்டையை ஒருவரும் அதுவரை பிடித்ததில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மூன்று நாளில் பழக்கியது, சத்தத்தைக் கவனிக்காதது, விசாரிக்காமல் ஒருவரைப் பொய்யர் என்று ஊரறிய எழுதியது எல்லாவற்றையும் எழுதினேன். அவர் எழுதினது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்றும் எழுதினேன். அவர் அதை என் கண் முன்னாலேயே ஆஸ்பத்திரிக் குழுவுக்கு அனுப்பினார். பிறகு பாயை விரித்துக்கொண்டு, இனி நான் தூங்கட்டுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஓணத் தொகுதியில் மிச்சமிருந்த சட்டிகளையெல்லாம் ஹாலில் வரிசையாக வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டினேன். மூன்று மொத்தென்று சொல்லின. என் கணவர் அவற்றை எடுத்துத் தனியாக வைத்தார். அதே தொகுதியில் வாங்கின மற்றவர்களைப் போனில் கூப்பிட்டு, சட்டியைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேருக்குச் சட்டி மாற்றிக் கொடுத்தேன். ஒருவர், பரவாயில்லை, நான் அதில் வத்தல் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பழுதான பொருளை அனுப்பியதாக நானே ஒப்புக்கொண்டதால், தளம் சில வாரங்கள் என் கடையை நிறுத்தி வைத்தது. நவராத்திரி விற்பனை முழுக்கப் போனது. திரும்பத் திறந்தபோது பழைய நிலைக்கு வர மூன்று மாதம் பிடித்தது. வந்துவிட்டேன். வியாபாரம் தெரிந்தவளுக்கு அதெல்லாம் பெரிய விஷயமில்லை.

அந்த நர்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டார். புதுச் சட்டி வேண்டாம் என்றுவிட்டார். கல்சட்டியைப் பார்த்தாலே இப்போது தலைவலி வருகிறது, தயிருக்கு ஸ்டீல் பாத்திரமே போதும் என்றார். வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்த வருடம் அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி விலாசத்துக்கே ஓர் ஆர்டர் வந்தது. வேறு யாரோ ஒருவர். குறிப்பு எழுதுகிற கட்டத்தில், மெதுவாகப் பழக்கி அனுப்பினால் போதும், அவசரமில்லை என்று எழுதியிருந்தார். அந்தச் சட்டியை ஐந்து நாள் இல்லை, ஏழு நாள் பழக்கி அனுப்பினேன்.

இப்போதும் வீடியோ எடுக்கிறேன், போட்டோ கேட்கிறேன், கூரியர்காரர்களோடு சண்டை போடுகிறேன். பழையபடி பெரும்பாலான புகார்களில் நியாயம் என் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அப்படி முடிவு செய்வதற்கு முன்னால், எதிரில் இருப்பவர் சொல்வது உண்மையாக இருந்தால் என் வீட்டில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒரு முறை யோசித்துப் பார்க்கிறேன். அந்த மாடி அறைக்குப் போகாமல் இருந்திருந்தால், இந்த ஒரு கேள்வி இல்லாமலேயே எல்லா வழக்கிலும் ஜெயித்துக்கொண்டு இருந்திருப்பேன்.