நாற்பது துண்டாகாத சட்டை

மாநில அணிக்குக் கிரிக்கெட் ஆடியபோது என் பெரியப்பா போட்ட சட்டை என்னிடம் இருக்கிறது. தி.நகரில் கிரிக்கெட் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேகரிப்பாளர்களுக்கு விற்பவர் ஒருவர், அதை நாற்பது துண்டாக்கி அட்டைக்கொன்றாக ஒட்டினால் நாற்பது ரசிகர்களுக்குச் சரித்திரம் போய்ச் சேரும் என்றார். பொதுவுடைமை பேசிப் பழகிய என் வாய், சரி என்றது.

மயிலாப்பூர் தையல்காரர் சாக்பீஸால் கட்டம் போட்டார். கத்தரியைக் கையில் எடுத்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இது உங்க பெரியப்பாதுன்னு இன்னா சார் அத்தாட்சி?"

"காலர்ல சலவைக்காரர் போட்ட குறி இருக்கே. அது பெரியப்பா துணிக்குப் போடுற குறிதான்."

"அது ஒரு துண்டுலதான வரும்? மீதி முப்பத்தொம்போதும் யார் சட்டை சார்?"

சட்டையைத் திருப்பி வாங்கி வந்துவிட்டேன். கட்டங்கள் ஒரே அலசலில் போய்விட்டன. இப்போது ஆசைப்படுகிறவர்களை வீட்டுக்கு அழைத்து முழுச் சட்டையையும் காட்டுகிறேன். தொட்டும் பார்க்கலாம், கை கழுவிவிட்டு.