இரண்டு வேனில் வந்த விவாகரத்து

போன புதன்கிழமை பெரம்பலூரில் ஒரு விவாகரத்துக்குப் போயிருந்தேன். இரண்டு வேன் நிறைய ஆள் வந்திருந்தது.

நம்ப முடியவில்லையா? நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் பார்த்தேன். செந்துறையிலிருந்து ஒரு வேன், உடையார்பாளையத்திலிருந்து ஒரு வேன். பெண்கள் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு இறங்குகிறார்கள். கீழே இருந்த டீக்கடைக்காரர், "எந்த மண்டபங்க?" என்று என்னிடம் விசாரித்தார். என்ன பதில் சொல்ல? மாடியில் இருக்கிற வக்கீல் ஆபீஸைக் கை காட்டினேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சுளா என் அக்கா மகள். அரியலூரில் டீச்சர். அவள் கணவன் பிரபாகரன் சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசர். ஐந்து வயதில் யாழினி என்று ஒரு பெண். ஒரு வருடத்துக்கும் மேலாக இருவரும் தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள். இனி சேர்ந்து வாழ முடியாது என்பதில் இருவருக்குமே சந்தேகம் இல்லை. காரணம் என்ன என்கிறீர்களா? எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

மஞ்சுளா முதலில் என்னிடம்தான் சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "தப்பு யாரு மேல?" படித்தவள், பத்தி எழுதுகிறவள்... என் லட்சணம் அதுதான். "அத விட்டுட்டுப் பேசறதுக்குத்தான் சித்தி வழி தேடறோம்" என்றாள்.

அந்த வழி பெரம்பலூரில் கிடைத்தது. அரியலூர் என்றால் கோர்ட் வாசலில் கால் வைப்பதற்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். பெரம்பலூரில் ஒரு வக்கீலம்மா இதற்கென்றே பயிற்சி எடுத்தவர். முறை ரொம்ப எளிது. ஆளுக்கு ஒரு வக்கீல். நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவார்கள் — எதிரெதிராக நின்று அல்ல. குழந்தை யாரிடம், எந்த நாளில், ஸ்கூல் லீவில் எங்கே, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது... எல்லாம் பேசி எழுதிக்கொள்வது. கடைசியில் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் சேர்ந்து மனுக் கொடுப்பதற்காகப் போவது அது. ஒரே ஒரு கண்டிஷன்: நடுவில் யாராவது முறைத்துக்கொண்டு கேஸ் போட்டால், இரண்டு வக்கீலும் விலகிவிடுவார்கள். பேசியதெல்லாம் வீண்.

நான்கு மாதம் பேசினார்கள். யாழினி வார நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவோடு செந்துறைத் தாத்தா வீட்டில். எல்லாம் முடிந்தது. கையெழுத்துதான் பாக்கி.

அங்கேதான் கெட்டது. பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி என்று இரண்டு பேரும் நாளைச் சொல்லித் தொலைத்தார்கள். உடனே என் அக்கா காலண்டரைக் கிழித்துவிடாத குறையாகப் புரட்டி, வளர்பிறை, முகூர்த்த நாள், பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று போன் போட்டாள். விவாகரத்துக்கு நல்ல நேரம்! இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் இதற்கும் வர வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் தனித்தனியாக முடிவாகி, வேன் பேசியாயிற்று.

ஆறு நாற்காலி போட்ட அறையில் நாற்பது பேர். வக்கீலம்மா பொறுமையாக எழுதியதைப் படித்துக் காட்டினார். பாதியிலேயே பிரபாகரனின் அப்பா கையைத் தூக்கினார். செந்துறைக்காரர், எட்டு ஊருக்குக் கேட்கிற குரல்.

"எல்லாஞ் சரிங்க. தப்பு யாரு மேலன்னு இதுல காணமே?"

அப்படி எதுவும் எழுதுவதில்லை என்று வக்கீலம்மா விளக்கினார். அவருக்குப் புரியவில்லை. "யாரு மேலயும் தப்பு இல்லன்னா எதுக்குப் பிரியிறாங்க? ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

அவ்வளவுதான். அறை இரண்டானது. மருமகள் அனுசரித்துப் போகவில்லை என்று எழுதச் சொன்னது செந்துறை. மாப்பிள்ளை வீட்டையே கவனிக்கவில்லை என்று எழுதச் சொன்னது உடையார்பாளையம். நான்கு மாதமாக இரண்டு பேர் வாய் தவறிக்கூடச் சொல்லாத வார்த்தைகளை நாற்பது பேர் பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். என் அக்கா வீட்டுக்காரர் உச்சத்துக்குப் போய், நாளைக்கே கேஸ் போடுகிறேன், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்படிப் போட்டால் நாங்கள் இருவரும் விலகிவிடுவோம் என்று வக்கீலம்மா எச்சரித்தார். இவர் பயந்தாரா? இல்லையே! எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்று போனை எடுத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். யாருடைய வாழ்க்கை? யாருடைய குழந்தை? சேர்த்து வைக்கும்போது ஜாதகம் பார்த்தீர்கள், சரி. பிரியும்போதாவது அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாதா?

பிரபாகரன்தான் எழுந்தான். மாமனாரைப் பார்த்துச் சொன்னான்.

"மாமா, போன வைங்க. தப்பு என் மேலன்னே எழுதிக்கலாம். நான் கையெழுத்துப் போடறேன்."

உடையார்பாளையம் பக்கம் ஒரு திருப்தி பரவியது. அக்கா வீட்டுக்காரர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்து, அப்படி வாங்க வழிக்கு என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டாராம்!

மஞ்சுளா அதுவரை வாயே திறக்கவில்லை. "எழுதக் கூடாது" என்றாள்.

"ஏம்மா, அவரே ஒத்துக்கறாரு..."

"இந்தப் பேப்பர் பீரோவுல இருக்கும்ப்பா. யாழினி பெரிசானா எடுத்துப் படிப்பா. எங்கப்பா கெட்டவருன்னு அவ படிக்கணுமா?"

பிரபாகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். செந்துறைக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மறைக்க என்ன இருக்கிறது? அழுதேன்.

வக்கீலம்மா கெட்டிக்காரர். அந்த நேரம் பார்த்துப் பேப்பரைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். பதினொன்றே முக்காலுக்குக் கையெழுத்து முடிந்தது. ராகு காலத்துக்கு முன்பே முடிந்ததில் என் அக்காவுக்கு ஒரு நிம்மதி. அவளை என்ன செய்வது?

கீழே வேன் கிளம்பத் தயாராக நின்றது. செந்துறை ஆட்கள் ஏறிவிட்டார்கள். பிரபாகரனின் அப்பா மட்டும் ஏறவில்லை. கொஞ்சம் தயங்கி, மஞ்சுளா நிற்கிற இடத்துக்கு வந்தார். சற்று முன்பு இதே பெண்ணைத்தான் அனுசரிக்கத் தெரியாதவள் என்று எழுதச் சொன்னவர். மறுபடி ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் குறுக்கே போனேன்.

குரலே எழும்பவில்லை அவருக்கு.

"ஏம்மா... சனிக்கெழம பாப்பா நம்ம வூட்டுக்கு வருமில்ல?"

"வரும் மாமா. கொழம்புல காரம் மட்டும் கம்மியா போடச் சொல்லுங்க."

தலையை ஆட்டிக்கொண்டே போய் வேனில் ஏறினார். படித்துக் காட்டியபோது அது முதல் பக்கத்திலேயே இருந்தது. தப்பைத் தேடிக்கொண்டிருந்ததில் அவர் காதில் விழவில்லை. இதைக் கேட்கத்தானா இவ்வளவு கூச்சல்?

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே, ஐயா!