முட்டைகளுக்கு நடுவே ஒரு கோடு போட்ட துணி

நாமக்கல் பக்கம் நான் படித்த கல்லூரியில், படங்களை வைத்துச் செய்யும் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் முட்டைதான். ஓட்டில் விரிசல், ஓட்டில் அழுக்கு, ஓட்டில் புள்ளி. கேட் தாண்டினால் கோழிப்பண்ணை, பிறகு என்ன? நான் மட்டும் துணியை எடுத்தேன். சேலத்தில் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், துணிக்கடை. குறுக்கிழை விட்டுப்போன இடங்களைத் தேடித் தேடியே அவர் கண் பூத்துவிட்டது. போட்டோவிலிருந்தே பழுதைப் பிடித்துத் தருகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் எந்தச் சாம்பல் புள்ளிக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பல் புள்ளி இருக்கிறது என்று ஜோடி ஜோடியாக எண்ணி, ஓர் அட்டவணை போட வேண்டும். பக்கத்துப் புள்ளிகள் ஒரே நிறமாக இருந்தால் அதிலிருந்து வரும் கான்ட்ராஸ்ட் சைபர்; மாறி மாறி இருந்தால் ஏறும். இடமிருந்து வலமாகவும் எண்ணலாம், மேலிருந்து கீழாகவும் எண்ணலாம். கோடு போட்ட சட்டைத் துணியில் கோட்டோடு போனால் எண் ஏறக்கூடாது. ஏறினால் அங்கே இழை போயிருக்கிறது.

இதற்கு லேபில் பல வருடமாகக் கைமாறி வந்த ஒரு புரோகிராம் இருந்தது. அத்தா பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த, ஓர் இழை குறையாத துணியின் படத்தை அதில் போட்டேன். துணி முழுக்கப் பழுது என்றது.

"துணி ஒத்து வராது சாமி," என்றார் எங்கள் சார். "வெள்ளிக்கெழமை ரிவ்யூவுக்குள்ள நம்பர் சரியா வரலீனா முட்டைக்கு மாறிக்க. இந்தப் புரோகிராம வெச்சு எத்தன பேரு பாஸ் பண்ணிப் போயிருக்காங்க!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மார்க் போனால் போகட்டும். அத்தா கடைத் துணியைப் பழுது என்று சொல்ல இது யார்?

சாயங்காலம் விடுதி மெஸ்ஸில் உட்கார்ந்து, ஒரு தாளில் நாலுக்கு நாலு கட்டம் போட்டேன். முதல் வரி முழுக்க சைபர், அடுத்த வரி முழுக்க ஒன்று, மறுபடி சைபர், மறுபடி ஒன்று. இதுதான் என் குட்டித் துணி. கையால் எண்ணினேன். இடமிருந்து வலம் எல்லா ஜோடியும் ஒரே நிறம், கான்ட்ராஸ்ட் சைபர். மேலிருந்து கீழ் எல்லாம் மாறி மாறி, ஒன்று. அதே கட்டத்தைப் புரோகிராமுக்குக் கொடுத்தேன். தலைகீழாகச் சொன்னது. எழுதியவர் இரண்டு திசைகளையும் இடம் மாற்றி வைத்திருந்தார். அதனால் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் இழை போனதாக அது கணக்குப் போட்டிருக்கிறது.

இத்தனை பேர் கண்ணில் இது ஏன் படவில்லை என்று யோசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முட்டைக்கு ஏது கிழக்கு மேற்கு? எந்தப் பக்கமாக எண்ணினாலும் ஓட்டில் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும்.

மறுநாள் சாரிடம் தாளை நீட்டினேன். பேனாவை எடுத்து அவரே எண்ணிப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிப் போட்டு எனக்கு இடம் விட்டார். புரோகிராமைத் திருத்தி, துணியை மறுபடி போட்டேன். கோட்டோடு போன எண் சைபரை ஒட்டியே நின்றது. அடுத்து, அத்தா கழித்துப் போட்ட துண்டு. இழை போன இடத்தில் மட்டும் எண் எகிறியது.

வெள்ளிக்கிழமை ரிவ்யூவில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் சார் எழுந்தார். "அந்தப் புரோகிராம நாங்க எல்லாரும் நம்பிட்டு இருந்தமுங்க. கையில எண்ணிப் பாத்தது இந்தப் பொண்ணு மட்டுந்தான்." எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பஸ்ஸில் சேலம் போய்ச் சேரும் வரை அந்த வாக்கியத்தையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். கேட்டதும் அத்தா, கழித்துப் போட்ட அந்தத் துண்டைத் திருப்பித் தர வேண்டாம் என்றார். அது இப்போது லேபிலேயே இருக்கிறது. எந்தப் புரோகிராமும் முதலில் அதில்தான் தேற வேண்டும் என்பது சார் போட்ட சட்டம்.

போன வாரம் அங்கே படிக்கும் பெண் ஒருத்தி போன் செய்தாள். "ஏனுங்க்கா, நான் செய்யறது முட்டைங்க. அதுக்கெதுக்குங்க துணி?"

"முதல்ல துணியப் போடு," என்றேன். "எங்க அத்தா கடைத் துணி அது."