ஆண்டனியின் லுங்கியும் சிலோன் பாட்டும்

போன புதன்கிழமை ராயபுரத்தில் இரண்டு மீசைகளுக்கு ஆபத்து வந்தது. காரணம் — இந்திக் காதல் பாட்டு!

சிரிக்காதீர்கள். ஒரு மீசை மளிகைக்கடை அண்ணாச்சியுடையது. திருநெல்வேலியிலிருந்து அவரோடு ரயிலேறி வந்த மீசை. இன்னொன்று, அதே கடை மாடியில் குடியிருக்கும் ஆண்டனியுடையது. ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன்.

அண்ணாச்சி கடையில் ஒரு ரேடியோ உண்டு. புதன்கிழமைதோறும் சிலோனிலிருந்து அந்த வாரத்து இந்திப் பாட்டுகளைக் கடைசி இடத்தில் ஆரம்பித்து முதலிடம் வரைக்கும் வரிசையாகப் போடுவார்கள். தெருவே கடை வாசலில் நிற்கும். ஒருவருக்கும் இந்தி தெரியாது. அதனாலென்ன? அண்ணாச்சி, எதற்கெடுத்தாலும் அக்கார்டியன் வைக்கும் மியூசிக் டைரக்டரின் கட்சி. ஆண்டனி, புல்லாங்குழலிலேயே ஆளை உருக்குகிறவரின் கட்சி. பெயர்களைச் சொன்னால் வாசகர்களுக்குள்ளேயே அடிதடி நடக்கும், வேண்டாம்.

இந்த முறை பேச்சு முற்றி, பந்தயத்தில் வந்து நின்றது. யார் டூயட் முதலிடம் பிடிக்கிறதோ அவர் கட்சி ஜெயித்தது. தோற்றவர் மீசையை எடுத்துவிட வேண்டும். பத்திரிகைக்காரன் என்பதால் நான் நடுவர்.

இதில் ஒரு சிக்கல். அண்ணாச்சி ரேடியோவில் சிலோன் வர வேண்டுமென்றால், மொட்டை மாடி ஏரியல் கம்பியில் ஆண்டனியின் நீலக் கட்டம் போட்ட லுங்கி தொங்க வேண்டும்! ஒரு நாள் அவன் கொடிக்கயிறு என்று நினைத்து அதில் உலர்த்தப் போக, சிலோன் கணீரென்று வந்தது. எடுத்ததும் வெறும் இரைச்சல். அண்ணாச்சி தன் வேட்டியை மாட்டிப் பார்த்தார், துண்டை மாட்டிப் பார்த்தார், அரிசிக் கோணியைக்கூட... ம்ஹூம்! விஞ்ஞானம் படித்தவர்கள் விளக்கட்டும்.

புதனன்று பார்த்து ஆண்டனியின் இன்னொரு லுங்கி ஹார்பர் கொக்கியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. இடுப்பில் இருந்தது நீலக் கட்டம்தான்.

“அவுத்துத் தாரும்வே. என் வேட்டியக் கட்டிக்கிடும்” என்றார் அண்ணாச்சி.

“எதிர்க்கட்சி வேட்டி எனுக்கு வாணாம் அண்ணாச்சி. லுங்கியோட நானே மேல போயி நிக்கிறேன்!”

ஆனால் மாடியில் நின்றால் பாட்டு கேட்காதே? ஆண்டனி மீசையைத் தடவிக்கொண்டே என்னைக் கெஞ்சினான். “சார், கீழ கீறவன் அல்லாரும் அவுரு கஸ்டமரு. நீதான் சார் நெசத்த கூவி சொல்லணும்!”

போனான். லுங்கி ஓரத்தைக் கம்பியில் கிளிப் போட்டுக்கொண்டு நின்றான். சிலோன் கணீரென்று வந்தது.

பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து போயின. கடைசியில் மிச்சம் இரண்டே இடம், இரண்டே பாட்டு — அக்கார்டியனும் புல்லாங்குழலும்! அண்ணாச்சி இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார்.

“இன்னா சார் ஆச்சு?” மேலிருந்து குரல்.

யார் பதில் சொல்வது? எல்லார் காதும் ரேடியோவில். நடுவர் காதும்தான்.

நடுவரே கூவவில்லை என்றதும், தோற்றுவிட்டோம் என்றே ஆண்டனி முடிவு கட்டிவிட்டான். கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு தடதடவென்று படியிறங்கி ஓடி வந்தான். லுங்கியும் கூடவே வந்தது.

ரேடியோவில் — ஸ்ஸ்ஸ்ஸ்!

“மேல போம்வே! ஓடும்!” அண்ணாச்சி அலறினார்.

ஓடினான். வரும் வழியில் எங்கோ விழுந்த கிளிப்பைப் படியெல்லாம் தேடி எடுத்து மாட்டினான். சிலோன் திரும்பி வந்தது... பல்பொடி விளம்பரத்தோடு. நிகழ்ச்சி முடிந்துவிட்டது.

பிறகு அண்ணாச்சி மீசையிலிருந்து கையை எடுத்தார். “ஆண்டனிக்கு ஒரு கலர் சோடா ஒடைங்கடே!” குரலில் அப்படியொரு நிம்மதி!

சோடா குடித்துக்கொண்டிருந்தவனைக் கேட்டேன். “அந்தப் புல்லாங்குழல் பாட்டில் அவன் அவளிடம் என்னதான் சொல்கிறான்?”

“யாருக்கு சார் தெரியும்? ஆனா இன்னாமா உருகுறான்!”

அர்த்தம் தெரிந்தா மனிதன் மீசையைப் பணயம் வைக்கிறான்? தெரிந்துவிட்டால் வைக்க மாட்டானோ என்னவோ!

நேற்று பம்பாயிலிருந்து வந்த நண்பர் ஒருவர், அன்று எந்தப் பாட்டு முதலிடம் என்று என்னிடம் சொல்லிவிட்டார். ஆனால் அண்ணாச்சி இந்தப் பத்தியை ஆண்டனிக்கு வரி விடாமல் படித்துக் காட்டுகிறவர். தோற்றவர் யாராக இருந்தாலும் கத்தியோடு முதலில் நடுவரைத்தான் தேடி வருவார்.

எனக்கும் ஒரு மீசை இருக்கிறதே!