மூணு பீஸும் இருக்குதுங்க

முந்தாநாள் சாயங்காலம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மடியில் போட்டாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு டி-ஷர்ட். டூர் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில், அப்புறம் காட்டுக்குள் படகு. "எல்லாரும் இதேதான் போடணுமாம்மா. கூட்டத்துல யாரும் தொலைஞ்சு போகாம இருக்கறதுக்கு" என்றாள். கவரைப் பிரித்தேன். பனியன் துணியில் புதுப் பிரின்ட் அடித்தால் ஒரு நெடி வருமே, அது குப்பென்று முகத்தில் அடித்தது. "இதப் போட்டுட்டு நீ எங்கயும் போக வேண்டாம்" என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? உங்களுக்கும் தெரியாதுதான். சொல்கிறேன். என்ன, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் எனக்குச் சொல்ல வரும்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி குமார், கடைக்குட்டி செல்வி. செல்விக்கு அப்போது நாலு வயது இருக்கும். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை பீஸ் எண்ணுவதுதான் வேலை. எண்ணி எண்ணி அதுவே அவருடைய பாஷையாகிவிட்டது. சந்தைக்குப் போனால் தேங்காயும் பீஸ், கோயிலுக்குப் போனால் நாங்களும் பீஸ். பஸ்ஸை விட்டு இறங்கியதும் திரும்பிப் பார்க்காமலே கேட்பார்: "மூணு பீஸும் இருக்குதா?" அம்மா பின்னாலிருந்து, "இருக்குதுங்க" என்பாள். எனக்கு அதைக் கேட்டால் பெருமையாக இருக்கும். எக்ஸ்போர்ட் பீஸ் என்று நினைப்பு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடும். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தே மேலே சாயப்பட்டறையில் இன்றைக்கு என்ன கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவோம். திங்கட்கிழமை நேவி, செவ்வாய்க்கிழமை மெரூன். நானும் குமாரும் பந்தயம் கட்டுவோம், நடுவர் செல்வி. தண்ணீருக்கு நிறம் கிடையாது என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்ததை வாத்தியாரின் பொய்களில் ஒன்றாக நாங்கள் சேர்த்து வைத்திருந்தோம்.

அந்த வருஷம் கம்பெனியில் ஒரு ஆர்டர் மொத்தமும் ரிஜெக்ட் ஆனது. குழந்தைகள் டி-ஷர்ட், மாம்பழ மஞ்சள், நெஞ்சில் ஒரு யானை. பிரின்ட் கோணலாக விழுந்து யானையின் தும்பிக்கை போடுகிறவரின் கக்கத்துக்குள் போய்விட்டது. வெள்ளைக்காரன் வேண்டாம் என்றுவிட்டான். பொங்கலுக்கு ஒரு மாசம் முன்னாலேயே முதலாளி வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் அதைக் கொடுத்தார். மிச்சத்தை எடைக்குப் போட்டார்கள். எடைக்குப் போனது எங்கெல்லாம் போகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. பொங்கல் லீவில் ஊட்டி போவதென்று முடிவானபோது அம்மாதான் சொன்னாள்: "மூணு பேருக்கும் மஞ்சளையே போட்டு உட்ரலாமுங்க. கூட்டத்துல கண்ணுக்குத் தெரியும்."

அவளைக் குறை சொல்வதற்கில்லை. தீபாவளிக்கே ஒரே பீஸில் துணி கிழித்து வீடு முழுக்கத் தைத்துப் போடுகிற ஊர் எங்களுடையது.

மலை ரயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். அப்போது மேலே ஏறுகிற வழியெல்லாம் நீராவி எஞ்சின்தான், அதுவும் பின்னாலிருந்து தள்ளும். குமார் அதைப் பார்த்துவிட்டு, "வண்டி ரிப்பேருங்களா அப்பா? தள்ளிட்டு வராங்க" என்று கேட்டான். குகைக்குள் நுழையும்போதெல்லாம் பெட்டி முழுக்கக் கத்தினோம், வெளியே வந்தால் முகத்தில் கரி. இடையில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் ஒரு குரங்கு அம்மாவின் தூக்குப்போசியைத் திறந்து, புளிச்சோற்றை முகர்ந்துவிட்டு மூடி வைத்துவிட்டுப் போனது. அதை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. கல்லாற்றுப் பாலத்தில் வண்டி மெல்ல ஊர்ந்தபோது செல்வி கீழே எட்டிப் பார்த்து, "அம்மா, இந்தத் தண்ணிக்கு இன்னும் கலர் போடலையா?" என்றாள். பெட்டியே சிரித்தது. இந்தக் கேள்வியை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூரில் குளிர் பல்லைக் கிட்டவைத்தது. பிளாட்பாரத்தில் ஒருவர் காப்பிப்பொடி நிறத்தில் குரங்குக் குல்லா விற்றார். செல்விக்கு ஒன்று வாங்கிக் கழுத்துவரை மாட்டினாள் அம்மா. கண் ரெண்டும் மூக்கும்தான் வெளியே. அங்கேதான் அப்பா, "ஏ புள்ள, நம்ம பீஸு!" என்று கூவினார். எங்கள் மஞ்சள் யானையைப் போட்டுக்கொண்டு இரண்டு குழந்தைகள் நின்றிருந்தார்கள். வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பமாம், காங்கேயம் சந்தையில் வாங்கினார்களாம். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சின்னப் பையனின் கையைத் தூக்கி, கக்கத்தில் தும்பிக்கையைக் காட்டி விளக்கமெல்லாம் சொன்னார். அந்தப் பையனுக்கும் அதே காப்பிப்பொடிக் குல்லா, அதே கடையில் வாங்கியது; செல்வி உயரம்தான், குளிருக்கு அவளைப் போலவே முழுக்கால் பேன்ட். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். 

ஊட்டிக்கு அந்தப் பக்கம், காட்டுக்கு நடுவே ஒரு அணை. மத்தியானத்துக்கு மேல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். குன்னூரில் பார்த்த வெள்ளகோவில்காரர்களும் வாடகை வேனில் அங்கே வந்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரே படகில் ஏறினோம். மிதவைச் சட்டை என்று ஒன்று உண்டென்று அப்போது யாருக்கும் தெரியாது. மோட்டார் நின்றது. படகோட்டி கையைக் காட்டினார். கரையில் யானைகள். நாலைந்து பெரியவை, நடுவில் ஒரு குட்டி. தாயின் கால்களுக்கு இடையிலேயே அது நுழைந்து நுழைந்து வந்தது. எனக்குப் பெரிய சந்தேகம், தும்பிக்கை ஏன் கக்கத்துக்குள் இல்லையென்று.

மொத்தப் படகும் எழுந்து அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. "ஒரே பக்கம் வராதீங்க, கவுந்துரும், உக்காருங்க" என்று படகோட்டி கத்தினார். படகு ஒரு ஆட்டம் ஆடியது பாருங்கள், தண்ணீர் என் செருப்பை நனைத்துவிட்டுப் போனது. ஆளாளுக்குக் கையில் அகப்பட்ட பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். குழந்தைகளெல்லாம் ஒரே அழுகை. அம்மா மடியில் கிடந்ததும் அழுதது. அம்மா அதைத் தட்டிக் கொடுத்து, முந்தானையால் போர்த்தி, வாயில் ஒரு முறுக்குத் துண்டை வைத்தாள். தின்றுகொண்டே தூங்கிப் போனது. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பாமலே கேட்டார்: "மூணு பீஸும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

கரைக்கு வந்தோம். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டுமென்று வெள்ளகோவில் வேன் உடனே கிளம்பிவிட்டது. நாங்கள் பஸ்ஸுக்காக டீக்கடையில் நின்றோம். செல்வியின் மூக்கைத் துடைக்கலாமென்று அம்மா குல்லாயைக் கழற்றினாள்.

மொட்டைத் தலை. சந்தனம் பூசிய, சுடச்சுட அடித்த மொட்டை. காலையில் ரெட்டைச் சடை போட்டு, கனகாம்பரம் வைத்துவிட்ட தலை அது. என் பிள்ளையின் முடி எங்கே என்றுதான் அந்த நொடியில் தோன்றியதாக அம்மா பிற்பாடு சொல்வாள். அப்புறம் அது கண்ணைத் திறந்து, "எங்கம்மாகிட்டப் போகோணும்" என்றது.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஏனுங்க, இது நம்ம புள்ளை இல்லீங்க" என்றாள், உப்பு கம்மியாக இருக்கிறது என்று சொல்கிற குரலில். அப்பா பார்த்தார். நான் பார்த்தேன். எங்கள் மூன்று பேரின் கண்ணும் ஒன்றாக அணையின் பக்கம் போனது. அந்த ஆட்டத்தில் யாரும் விழவில்லை என்று படகோட்டி சத்தியம் பண்ணினார். அப்பாவின் காதில் ஏறவில்லை. வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நீச்சல் தெரியாது அவருக்கு. வேலம்பாளையத்தில் நீந்துவதற்குத் தண்ணீர் ஏது? நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கரையைப் பார்த்துக் கேட்டார்: "மஞ்சளா ஏதாச்சும் தெரியுதான்னு பாருங்க, சாமி."

அந்தக் குரலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டு பேர் இறங்கி அவரைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். டீக்கடைக்காரர்தான் யோசித்துச் சொன்னார்: "அந்த வேன்காரம்மா குல்லா போட்ட கொழந்தையத் தோள்ல போட்டுட்டுப் போனாங்களே?" அப்படியானால் வேனில் இருப்பது செல்வி. அப்படி இல்லையென்றால்? வேன் எந்தப் பாதையில் போனதோ, எப்போது பார்ப்பார்களோ. ஒரு ஜீப்காரர் பின்னாலேயே விரட்டிப் போனார். எங்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த நேரத்தில் எங்கள் அம்மாவை நான் பார்த்தேனே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்தப் பையன் அழுதான், திமிறினான், கடித்தான். அம்மா அவனைக் கீழே விடவில்லை. டீக்கடைக்காரர், "பன்னு குடுக்கறேன், எறக்கி உடுங்கம்மா, பயப்படுது" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உடமாட்டேனுங்க. இவன உட்டுட்டா அவளக் கேக்க என்ற கையில என்னங்க இருக்குது?"  தெருநாய்க்குக்கூடச் சோறு வைக்கிறவள். குமார் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அது அம்மாதானா அக்கா?" என்று கேட்டான். எனக்கும் அது சந்தேகமாகத்தான் இருந்தது.

வேன் திரும்பி வந்தது. அந்தம்மா இறங்கினாள். கையில் செல்வி, குல்லா இல்லாமல், சடை கலைந்து, வாய் நிறைய பன். அந்தம்மாவும் அவளை அப்படித்தான் பிடித்திருந்தாள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். யாரும் முதலில் விடவில்லை. கொஞ்ச நேரம் முன்னால்தான் யானையைக் காட்டி ஒருவரை ஒருவர் தோளில் தட்டிச் சிரித்த பொம்பிளைகள். கடைசியில் அப்பா ஈர வேட்டியோடு நடுவில் போய், இரண்டு குழந்தைகளையும் ஒரே சமயத்தில் வாங்கி மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் அந்தம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "எம்பையன்னுதானுங்க நெனச்சேன். வழியில ஒரு ஓடை வந்துச்சு. முழிச்சுப் பாத்துட்டு, இந்தத் தண்ணிக்கு இன்னும் கலர் போடலையான்னு கேட்டுச்சுங்க. எங்க தோட்டத்துப் பக்கம் எந்தப் புள்ளைங்க அப்படிக் கேக்கும்? குல்லாயக் கழட்டிப் பாத்தா ரெண்டு சடை." பையனின் கையில் அம்மாவின் விரல் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அந்தம்மா அதைப் பார்த்தாள், தடவிக் கொடுத்தாள்.

அம்மா செல்வியின் தாடையைப் பிடித்துத் தூக்கி, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "செரி, நம்முளுதுதான்" என்றாள். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்: "ஆனைக்குக்கூடத் தன்ற குட்டி எதுன்னு தெரியுது."

மஞ்சள் சட்டைகள் மறுநாளே அடுப்படித் துணியாகிவிட்டன. அப்பா அதற்கப்புறம் வீட்டில் பீஸ் என்ற வார்த்தையை எடுக்கவேயில்லை. அம்மாவுக்குத் தலையை எண்ணும் பழக்கமே போய்விட்டது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது, கடையிலிருந்து திரும்பும்போது, ஒவ்வொருவராகத் தாடையைத் தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "நம்முளுதுதான்" என்று விடுவாள். எனக்குப் பதினைந்து வயதில் அது மானக்கேடாக இருந்தது. செல்வியின் கல்யாண மேடையில், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் மணப்பெண்ணின் தாடையைத் தூக்கிப் பார்த்தாள். கடைசி நாட்களில் எங்கள் பெயர்கள் அவளுக்கு மறந்துபோயின. ஆனால் கை மட்டும் தேடி வந்து தாடையைப் பிடிக்கும்.

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் ஒரு பஸ் நிறைய மஞ்சள். என் மகளும் அதைத்தான் போட்டுக்கொண்டாள், பள்ளிக்கூடத்து உத்தரவை மீற நான் யார்? ஏறப் போனவளை இழுத்து நிறுத்தித் தாடையைத் தூக்கிப் பார்த்தேன். "அம்மா, நான்தான். உடு, எல்லாரும் பாக்கறாங்க" என்று கையைத் தட்டிவிட்டு ஓடினாள்.

பஸ் போய்விட்டது. அந்தப் பனியன் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் ஓடிய சாக்கடைக்கு மேல் சிமென்ட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அதெல்லாம் போகட்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று என் தாடையை நானே தூக்கிப் பார்த்தேன். நரை, கண்ணுக்குக் கீழே கருப்பு, யாரோ ஒரு பொம்பிளை. இது நம்முளுதுதான் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.